நான்கு தந்தி, ஓர் அறை, பத்து ஆண்டு: டோடி கிளார்க்கின் பாட்டைக் கண்டடைந்த விதம்

டோடி கிளார்க்கின் காணொளி முதல் தடவை என் கைப்பேசியில் வந்தபோது அதை நாற்பது நொடிகூட நான் பார்க்கவில்லை. ஓர் இளம்பெண், கையில் யுகுலேலே என்ற நான்கு தந்திச் சின்ன கிட்டார், பின்னால் வீட்டுச் சுவர், காதோடு பேசுவது போல மெல்லிய குரல். நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன், அடுத்ததுக்குப் போய்விட்டேன். எதை விட்டுவிட்டுப் போனேன் என்று தெரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பாடகர்களைப் பற்றியும் அப்படித்தான் முடிவு செய்கிறோம். ஒரு பல்லவி போதும், குரல் தெரிந்துவிடும் என்பது நம் எண்ணம். குரல் தெரியும், சரி. பாட்டை எழுதுகிறவர் தெரிவாரா? டோடி விஷயத்தில் எனக்குத் தெரியவில்லை. எப்படித் தவறவிட்டேன், பிறகு எப்படிக் கண்டேன், கண்டது சரிதானா என்று எப்படிச் சோதித்துக்கொண்டேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிப் பார்க்கிறேன். இந்த நேரத்தில்கூட யாரோ ஒருவர் தன் அறையில் நான்கு தந்தியோடு உட்கார்ந்து நல்ல பாட்டு ஒன்றைப் பதிவேற்றிக்கொண்டிருப்பார். அவரையும் நாற்பது நொடியில் தள்ளிவிட்டுப் போகக் கூடாது என்ற கவலைதான் காரணம்.

யார் இவர்

முழுப்பெயர் டோரதி மிராண்டா கிளார்க். 1995-இல் பிறந்தவர். இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த எப்பிங் என்ற ஊரில் வளர்ந்தவர். 2011-இல், பள்ளி வயதிலேயே, 'டாடில்ஆடில்' என்ற யூடியூப் சேனலில் தான் எழுதிய 'ரெயின்' என்ற பாட்டைப் பாடிப் போட்டார். அதன்பின் பிறர் பாடல்களும் சொந்தப் பாடல்களும் மாறி மாறி வந்தன. பேச்சுக்கென்று தனியாக இன்னொரு சேனல் வைத்துக்கொண்டார். யுகுலேலே தவிர கிட்டார், பியானோ, கிளாரினெட்டும் வாசிப்பார்.

முறையாக வெளிவந்த பதிவுகள் என்று பார்த்தால், 2016 நவம்பரில் 'இன்டர்ட்வைன்ட்', 2017-இல் 'யூ', 2019-இல் 'ஹ்யூமன்'. மூன்றும் இ.பி. எனப்படும் குறும் ஆல்பங்கள். 2021 மே மாதம் முதல் முழு ஆல்பம் 'பில்ட் எ ப்ராப்ளம்'. பிரிட்டனின் ஆல்பம் பட்டியலில் இவை முறையே 35, 6, 5, 3 ஆகிய இடங்கள் வரை போயின. இந்த நான்கையும் பெரிய இசை நிறுவனம் எதிலும் சேராமல், சொந்தமாக வெளியிட்டவர் இவர் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் இந்த எண்களின் கனம் தெரியும்.

ஆனால் எனக்கு முக்கியமாகப்படும் எண்கள் வேறு. முதல் காணொளிக்கும் முதல் இ.பி.க்கும் நடுவே ஐந்து ஆண்டு. முதல் ஆல்பத்துக்குப் பத்து. அந்தப் பத்து ஆண்டும் ஒரு பாடலாசிரியர் வளர்ந்தது முழுக்க எல்லோரும் பார்க்கும்படி தேதி போட்டுக் கிடக்கிறது. முந்தைய தலைமுறைப் பாடலாசிரியர்களின் கற்றுக்குட்டிப் பாட்டுகள் பெரும்பாலும் நமக்குக் கிடைத்ததில்லை. நோட்டுப் புத்தகத்தோடு போயிருக்கும், இல்லையென்றால் எங்காவது ஒரு கேசட்டில் மக்கிப்போயிருக்கும்.

நான்கு தந்தியின் வசதியும் வம்பும்

யுகுலேலே பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்தக் கதையில் அதுவும் ஒரு பாத்திரம்.

1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்களை ஹவாயின் ஹொனலூலுவில் இறக்கியது. அவர்களில் மரவேலை தெரிந்த மானுவல் நூனெஸ், அகஸ்தோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ மூவரும் தங்கள் ஊரின் சின்ன கிட்டார் போன்ற கருவியை அங்கே செய்யத் தொடங்கினார்கள். ஹவாய் மக்கள் அதைத் தங்கள் கருவியாகவே ஆக்கிக்கொண்டார்கள். அரசர் கலாகவா அதை அரண்மனை வரை கொண்டுபோனார். 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சி வழியாக அமெரிக்கப் பெருநிலத்தில் அது பரவியது. 1920-களில் கிளிஃப் எட்வர்ட்ஸ் என்பவர் யுகுலேலேயை வாசித்துப் பாடியே பெரிய நட்சத்திரமானார். மின் ஒலிவாங்கியும் அதே காலத்தில்தான் பாட்டுப் பதிவுக்கு வந்தது. மெல்லிய குரலும் மெல்லிய கருவியும் ஒலிவாங்கியும் ஒன்றாகச் சேர்ந்த முதல் காலம் அது. டோடியின் அறையில் நடந்தது அதன் மறுபிறவி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது தந்திகளுக்கு வருவோம். வழக்கமான சுருதியில் இந்தக் கருவியின் மிகத் தாழ்ந்த தந்தி நடு ஸ்தாயி சி, சுமார் 262 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தாழ்ந்த தந்தியோ சுமார் 82 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் குட்டி ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாகக் கொடுக்க முடியாது. அதனால் கிட்டார் காணொளியைக் கைப்பேசியில் கேட்டால் கருவியின் அடிப்பாகம் தேய்ந்துபோகிறது. யுகுலேலே ஏறக்குறைய முழுசாக வந்து சேர்கிறது. அதோடு அது குரலை அமுக்காது, ஒரே ஒலிவாங்கியில் இரண்டும் அடங்கும், முகத்தோடு சேர்ந்து சட்டகத்துக்குள் நிற்கும். படுக்கையறையில் பாடி, கைப்பேசியில் கேட்கப்படும் பாட்டுக்கென்றே யாரோ அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது.

வம்பும் இதே வசதியில்தான் இருக்கிறது. நான்கு தந்தியையும் எங்கேயும் அழுத்தாமல் அப்படியே மீட்டினாலே காதுக்கு இதமான ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு, கிடைத்துவிடும். சி கார்டுக்கு ஒரு விரல் போதும். ஏ மைனருக்கும் ஒரு விரல். எஃப்புக்கு இரண்டு, ஜிக்கு மூன்று. இந்த நாலு கார்டில் எத்தனையோ பாட்டுகளை ஒப்பேற்றலாம். ஆகவே ஒரு வாரத்தில் யாராலும் கேட்கும்படியான ஒரு காணொளியைப் போட்டுவிட முடிகிறது. இனிமைக்கு உழைப்பே வேண்டாம், கருவியே அதைத் தருகிறது. அப்படியென்றால் கேட்கிறவருக்கு இனிமை எதற்கும் சாட்சி ஆகாது. எல்லாம் ஒரே மாதிரி இனிக்கும் கூட்டத்தில் பாட்டு எழுதத் தெரிந்தவர் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிப்பது, அலறுகிற கூட்டத்தில் தேடுவதைவிடக் கடினம்.

என் காது எங்கே பிசகியது

நாற்பது நொடியில் நான் கேட்டது டோடியை இல்லை, அந்தக் கூட்டத்தைத்தான். யுகுலேலே, மென்குரல், சுவர், சிரிப்பு என்று ஏற்கெனவே பத்துப் பேரிடம் பார்த்த படம் மனதில் இருந்தது. பதினொன்றாவது ஆளையும் அதே படத்தில் ஒட்டிவிட்டேன். வரிகளைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் குழந்தைத்தனமான இனிமை என்று முத்திரை குத்தியிருப்பேன். இந்தக் கருவியை விளையாட்டுச் சாமானாகப் பார்க்கும் பழக்கம் பலருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது.

இன்னொரு பிசகும் உண்டு. அவர் பாடும் விதத்தில் உரத்துப் பாடி அசத்தும் இடம் கிடையாது. மேல் ஸ்தாயியில் நின்று கைதட்டல் வாங்கும் குரல் அவருடையது இல்லை. மூச்சுக் காற்று கலந்த, வாக்கியம் முடியும்போது பேச்சாகவே உதிர்ந்துவிடும் குரல். திறமை என்றால் ஒரு சாதனை கண்ணில் பட வேண்டும் என்று எதிர்பார்க்கும் காதுக்கு அதில் பிடிமானம் கிடைக்காது. நான் அப்படித்தான் எதிர்பார்த்தேன்.

இரண்டாம் தடவை

அடுத்த சந்திப்பு தற்செயல். வேறு ஏதோ வேலையாக இருந்தேன். கைப்பேசி மேசையில் கவிழ்ந்து கிடந்தது. ஒன்று முடிந்து ஒன்று தானாக ஓடிக்கொண்டிருந்ததில் 'இன்டர்ட்வைன்ட்' இ.பி.யில் உள்ள 'சிக் ஆஃப் லூசிங் சோல்மேட்ஸ்' வந்தது. உயிருக்கு நெருக்கமானவர்களை இழந்து இழந்து, இனி யாரிடம் முதலிலிருந்து தொடங்குவது என்று களைத்துப்போன மனதின் பாட்டு.

யார் என்று தெரியாது. முகம் இல்லை, சுவர் இல்லை, கருவியின் உருவமும் இல்லை. வெறும் குரலும் தந்தியும். கை வேலையை நிறுத்திவிட்டது. அழுது வடியாமல் இழப்பைச் சொல்கிற குரல் அது. ஒரு தீர்ப்பைப் படித்துக் காட்டுவது போல நிதானமாக, ஆனால் படிக்கிறவர் அந்தத் தீர்ப்பால் பாதிக்கப்பட்டவராகவும் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. திருப்பிப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு முன் நான் தள்ளிவிட்ட அதே முகம்.

காணொளி வழியாக ஒருவரைக் கண்டுகொண்டேன் என்று சொல்கிறேன், ஆனால் காணொளியைப் பார்க்காதபோதுதான் கண்டுகொண்டேன். இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்தவற்றில் மிகவும் பயன்பட்டது இதுவே. முகமும் அறையும் நம்மை அழைத்து வருகின்றன என்பது உண்மை. அவை இல்லாவிட்டால் பலரும் முதல் சொடுக்கே போடமாட்டார்கள். ஆனால் அழைத்து வந்த அதே படம் வாசலில் நின்று மறைக்கவும் செய்கிறது.

அதே இ.பி.யில் 'ஐ ஹேவ் எ ஹோல் இன் மை டூத்' என்று ஒரு பாட்டு. பல்லில் ஓட்டை, பல் மருத்துவமனையோ மூடியிருக்கிறது என்று நீளும் தலைப்பு. இழப்பைப் பாடியவரும் பல்லைப் பாடியவரும் ஒரே ஆள், ஒரே தட்டில். இதைப் பார்த்ததும் ஆர்வம் இன்னும் கூடியது. ஒரே மனநிலையை வைத்துக்கொண்டு பத்துப் பாட்டு எழுதுகிறவர்கள் பலர். சின்னத் தொல்லைக்கும் பெரிய துயரத்துக்கும் வேறு வேறு அளவில் சட்டை தைக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

பின்னாலிருந்து முன்னால்

பிறகு செய்தது எளிய காரியம்தான், நேரம்தான் பிடித்தது. பரிந்துரைகளை விட்டுவிட்டு, சேனலின் பழைய காணொளியிலிருந்து தேதி வரிசையில் கேட்கத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு மூன்று நாலு. அதிகம் பார்க்கப்பட்டது, குறைவாகப் பார்க்கப்பட்டது என்ற எண்ணிக்கையைக் கண்டுகொள்ளக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்.

இப்படிக் கேட்கும்போது முதலில் கண்ணில் படுவது, பாட்டுகள் ஒரே தடவையில் முடிந்துபோவதில்லை என்பது. 'ஷீ' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணுக்குத் தன் தோழி மேல் வந்த, சொல்லவும் முடியாத வைத்திருக்கவும் முடியாத காதல். காணொளியாக அது பல ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. முறையான பதிவாக 'ஹ்யூமன்' இ.பி.யில் சேர்ந்தது 2019-இல்தான். இடைப்பட்ட காலம் முழுவதும் கேட்டவர்கள் அதைக் கையிலேயே வைத்திருந்தார்கள், தாங்களும் யுகுலேலேயில் பாடிப் பாடிப் போட்டார்கள். ஒரு பாட்டு கடைக்கு வருவதற்கு முன்பே ஊர்ப்பாட்டு மாதிரி ஆகிவிடுவது புதிய அனுபவம்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும் உறுதி செய்தது 'வென்' என்ற பாட்டு. வாழ்க்கை இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்று காத்துக்கொண்டே இருந்து, நடந்துகொண்டிருக்கும் வாழ்க்கையைக் கோட்டைவிடுகிறவரின் பாட்டு. பதினாறு வயது இனித் திரும்பாது என்ற நினைப்பு அதில் வரும். முதலில் அது 2016-இன் 'இன்டர்ட்வைன்ட்' இ.பி.யில் வந்தது. 2021-இல் முழு ஆல்பத்தில் அதையே மறுபடியும் பதிவு செய்து, வில் இசைக்கருவிகள் சூழ்ந்து எழும்படி, ஆல்பத்தின் கடைசிப் பகுதியில் வைத்தார்.

முதல் தடவை பாடும்போது அவருக்கு வயது இருபத்தொன்று. இரண்டாம் தடவை ஆல்பம் வரும்போது இருபத்தாறு. இருபத்தொன்றில் பதினாறைப் பற்றிப் பாடினால் அது நேற்றைய ஏக்கம். அதே வரியை இருபத்தாறில் பாடும்போது இன்னொன்றும் கூடிவிடுகிறது. முதல் தடவை பாடிய அந்த இருபத்தொன்றும் இனித் திரும்பாது. ஒரு சொல்லும் மாறாமல் பாட்டின் பொருள் வளர்ந்துவிடுகிறது. இப்படி வளர இடம் வைத்து எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் என் கண்ணில் திறமைக்கான சான்று. இதை ஒரு காணொளியில் யாரும் பார்த்திருக்க முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டவருக்கு மட்டும் தெரியும்.

சேனலை வரிசையாகக் கேட்கையில் கவனித்த இன்னொன்று, குரல்மேல் குரல். தன் குரலையே இரண்டு மூன்று முறை பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. இந்த ஹார்மனி அழகுக்குப் பூசுவது என்று முதலில் எண்ணியிருந்தேன். கேட்கக் கேட்க வேறு மாதிரிப் புரிந்தது. யுகுலேலேக்கு அடித்தளம் கிடையாது. கீழே தாங்கும் தாழ் ஒலி இல்லை. அந்த வேலையைக் குரல்கள் எடுத்துக்கொள்கின்றன. ஒரு குரல் பாட்டைச் சொல்ல, மற்றவை தரையாக விரிகின்றன. கருவியின் குறையைத் தெரிந்து, அந்தக் குறையைச் சுற்றியே தனக்கென ஒரு பாணியைக் கட்டியிருக்கிறார்.

கையால் கேட்டது

ஒரு கட்டத்தில் கேட்டால் மட்டும் போதாது என்று தோன்றியது. இரவல் யுகுலேலே ஒன்று கிடைத்தது. சி, ஏ மைனர், எஃப், ஜி நான்கும் ஒரே மாலையில் வந்துவிட்டன. அந்த மாலை முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம், எல்லாமே கைவந்துவிட்ட மாதிரி.

மறுநாள் பாடிக்கொண்டே மீட்டப் பார்த்தபோது சந்தோஷம் இறங்கியது. வலது கை ஒரு தாளத்தில் போகும், வாய் வேறு இடத்தில் சொல்லைத் தொடங்க வேண்டும். கையைக் கவனித்தால் சொல் தாளத்தோடு ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. சொல்லைக் கவனித்தால் கை நின்றுவிடுகிறது. டோடி அந்தச் சொற்களைப் பேச்சைப் போல முன்னும் பின்னும் தளர்த்திப் பாடுவது எவ்வளவு வேலை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஒரு சொல் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி விழும்போது அது தயக்கமாகக் கேட்கிறது. அந்தத் தயக்கம் பாட்டுக்கே உரிய பொருள்.

எஃப்பிலிருந்து எஃப் மைனருக்குப் போவதையும் அப்போதுதான் பழகினேன். இரண்டு மூன்று விரல் இடம் மாறும், அவ்வளவுதான். ஆனால் கேட்கும்போது வெயில் மேல் மேகம் வந்த மாதிரி இருக்கும். நாலு கார்டு மட்டும் தெரிந்தவருக்கும் பாடலாசிரியருக்கும் நடுவே உள்ள கோடு இங்கேதான் ஓடுகிறது என்று நினைக்கிறேன். எந்தச் சொல்லின் கீழ் அந்த மேகத்தை வைப்பது என்று தெரிய வேண்டும். எல்லா வரிக்கும் வைத்தால் வெறும் சோகம்தான் மிஞ்சும். சரியான ஒரு சொல்லுக்கு வைத்தால் கேட்கிறவர் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்காருவார். இப்போதெல்லாம் முன்பின் தெரியாத யாருடைய யுகுலேலே பாட்டைக் கேட்டாலும் காது முதலில் தேடுவது இதைத்தான்.

வேறு இரண்டு வழிகள்

டோடியின் வழி ஒன்றுதான் வழி என்று சொல்ல வரவில்லை. இதே கருவியோடு வந்த இன்னும் இரண்டு பேரை வைத்துப் பார்த்தால் அவருடைய பாதை இன்னும் துலக்கமாகிறது.

அமெரிக்காவின் ஜூலியா நூனெஸ் 2007-லேயே யூடியூபில் யுகுலேலேயோடு வந்துவிட்டவர். யூடியூபே தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவரை முதலில் தூக்கிவிட்டவர்களில் ஒருவர் பென் ஃபோல்ட்ஸ் என்ற இசைக்கலைஞர். தன் பாடலை ஜூலியா பாடிய காணொளியைப் பார்த்துவிட்டுத் தன் கச்சேரிகளுக்கு முன்பாடகராக அழைத்தார். பிறகு 2011-இல் ஜூலியா ஆல்பம் போட, பலரிடம் பணம் திரட்டித் தரும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 15,000 டாலர் கேட்டார். வந்து சேர்ந்ததோ 77,888 டாலர். கேட்டதைப் போல ஐந்து மடங்கு. நாலு வருடமாக இலவசமாகக் கேட்டவர்கள் கொடுத்த பணம் அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

கிரேஸ் வாண்டர்வாலுடைய கதை நேர்மாறு. யுகுலேலே வேண்டும் என்று கேட்டபோது அம்மா மறுத்துவிட, பிறந்தநாளுக்குக் கிடைத்த பணத்தில் வாங்கி, யூடியூப் காணொளிகளைப் பார்த்தே பழகியவர். 2016-இல், பன்னிரண்டு வயதில், 'அமெரிக்காஸ் காட் டேலன்ட்' என்ற தொலைக்காட்சித் திறமைப் போட்டி மேடையில் தான் எழுதிய பாட்டைப் பாடினார். நடுவர் ஹோவி மாண்டெல், போட்டியாளரை நேரடி ஒளிபரப்புச் சுற்றுக்கே அனுப்பிவிடும் தங்கப் பொத்தானை அழுத்தினார். அந்தச் சில நிமிடக் காணொளி உலகம் முழுவதும் போனது. அந்த செப்டம்பரில் அவரே பட்டத்தையும் வென்றார். ஒவ்வொரு சுற்றிலும் சொந்தப் பாட்டோடுதான் வந்தார் என்பதை மறக்கக் கூடாது, அந்த வயதில் அது பெரிய துணிச்சல்.

ஜூலியாவை இன்னொரு கலைஞர் கண்டார். கிரேஸை ஒரு பொத்தானும் பெரிய மேடையும் காட்டிக்கொடுத்தன. டோடிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. இன்ன தேதியில் கண்டெடுக்கப்பட்டார் என்று காலண்டரில் குறிக்க முடியாது. கேட்டவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் நாளில், அவரவர் அறையில் கண்டார்கள். 35-இலிருந்து 6-க்கு ஏறிய இடம் அந்தச் சிறு சிறு நாட்களின் கூட்டுத்தொகை. தாமதமாகக் கண்ட என் நாளும் அதில் ஒன்று.

நெருக்கத்தில் ஒரு சங்கடம்

ஒரு விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. தன்னிலிருந்தே தான் விலகி நிற்பது போல, உலகம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போல நீடிக்கும் ஒரு மனநிலையோடு தான் வாழ்வதை டோடி கேமரா முன்னால் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2017-இல் வந்த தன் நூலிலும் எழுதியிருக்கிறார். அந்தப் பேச்சால் தங்களுக்கு நடப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அறிந்தவர்கள் இருப்பார்கள். அது பெரிய உதவி.

அதே சமயம், தேதி வரிசையில் எல்லாவற்றையும் கேட்டு முடித்த வாரத்தில் இவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு எனக்குள் வந்துவிட்டதைக் கவனித்தேன். தெரியாது. நான் அறிந்தது பாட்டுகளை. படுக்கையறையில் எடுத்த காணொளி கதவைத் திறந்து காட்டுவதால் உள்ளே வரச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம். பேச்சுச் சேனலைப் பார்ப்பதை அதோடு நிறுத்திக்கொண்டேன். இந்த ஆய்விலும் அவருடைய உறவுகளையோ சொந்த வாழ்க்கைச் சண்டைகளையோ பாட்டு வரிகளோடு பொருத்திப் பார்க்கும் வேலையைச் செய்யவில்லை. பாட்டு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று காட்ட அது தேவைப்படவும் இல்லை.

2020 ஏப்ரல்

ஆல்பத்துக்கு முந்தைய வருடம், எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஏப்ரல் மாதத்தில், அவர் மறுபடி பழைய முறைக்குப் போனார். அந்த மாதம் முழுக்கப் பாட்டுகளை எழுதி எழுதிக் காணொளியாகப் போட்டார். அவற்றில் சில, மெருகு ஏற்றாத வடிவிலேயே, 'பில்ட் எ ப்ராப்ளம்' ஆல்பத்தின் விரிவான பதிப்பில் சேர்ந்தன. மேடைகளைப் பார்த்துவிட்டு வந்தவர், பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனவர், மறுபடி ஓர் அறை, ஒரு கேமரா, முடிந்தும் முடியாத பாட்டு. 2011-க்கும் 2020-க்கும் நடுவே என்ன வளர்ந்தது என்று அளக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. சூழல் ஏறக்குறைய அதே, ஆள் மட்டும் வேறு.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். பள்ளி வயதுக் குரல் பாட்டை முழுசாக நிரப்பப் பார்க்கிறது. எங்காவது இடைவெளி வந்துவிடுமோ என்ற பயம் அதில் இருக்கிறது. இருபத்தைந்து வயதுக் குரல் இடைவெளி விடுகிறது. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு முன் தந்தி மட்டும் அடங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், கேட்கிறவர் முந்தைய வரியை இன்னொரு தடவை நினைத்துக்கொள்கிறார். யுகுலேலேயின் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். கிட்டார் மாதிரி நீண்டு நிற்காது. அந்தச் சின்ன அடக்கத்துக்குள் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கெல்லாம் பிறகு என் கேட்கும் பழக்கம் மாறிவிட்டது. புதிதாக ஒரு யுகுலேலே பாடகர் திரையில் வந்தால் முதலில் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறேன். ஒரு பாட்டை முழுக்கக் கேட்கிறேன். பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் அதே ஆளின் மிகப் பழைய காணொளிக்கும் மிகப் புதிய காணொளிக்கும் போகிறேன். இரண்டுக்கும் நடுவே ஏதாவது நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. நேற்று ஒருவரிடம் இருந்தது. இரண்டே இரண்டு சொந்தப் பாட்டு போட்டிருக்கிறார், பார்த்தவர்கள் சில நூறு பேர். முதல் பாட்டில் எல்லா இடத்திலும் மைனர் கார்டு. இரண்டாவதில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும். மூன்றாவது பாட்டுக்காகக் காத்திருக்கிறேன்.